கூவம் கப்பலின் பைலட்

ஆவடி மார்க்கெட்டுக்கு எதிர்மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து அவர்கள் பதினோரு முறை விண்வெளிக்குப் போய் வந்துவிட்டார்கள். பதினோரு முறையும் கப்பலை ஓட்டியவள் தாட்சாயிணிதான். ஆனால் ஒரு முறைகூடப் பகடை அவள் கைக்கு வரவில்லை.

அது ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒரு புத்தகம், லூடோ டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு பகடைகள், ஆளுக்கொரு தாள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வாய்ப்பேச்சு. ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஒரு விண்கப்பலின் ஆட்களாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். கஷ்டமான காரியம் என்றால் பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அவரவர் தாளில் இருக்கும் திறமை எண்ணைக் கூட்டி, எட்டோ அதற்கு மேலோ வந்தால் ஜெயம். குறைந்தால் தோல்வி.

நடுவர் பரந்தாமன். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தான். சென்ட்ரல் பக்கத்தில் பழைய புத்தகக் கடையிலிருந்து அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வந்தவன் அவன்தான். அட்டை இல்லை. நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறு வரை பக்கங்களும் இல்லை. யாரோ வேர்க்கடலை மடிக்கக் கிழித்திருக்க வேண்டும். இருக்கிற பக்கங்களைப் பரந்தாமன் கரைத்துக் குடித்திருந்தான்.

கேப்டன் எதிராஜ், தாட்சாயிணியின் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். பீரங்கி வேம்புலியின் பொறுப்பு. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவான். வாரமெல்லாம் வெல்டிங் புகையில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொள்ளைக்காரர்களைச் சுட்டுத் தள்ளுவதில் அவனுக்கு அப்படி ஒரு ஆனந்தம். கப்பலுக்குக் 'கூவம்' என்று பெயர் வைத்ததும் அவன்தான். "அதுவும் மெதுவா தாம்மா போவும், இதுவும் மெதுவா தாம்மா போவும்" என்று காரணம் சொன்னான்.

தாட்சாயிணி அதே இன்ஸ்டிடியூட்டில் டைப் கற்றுக்கொடுக்கிறவள். பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வகுப்பு கிடையாது, சாவி அவளிடம் இருந்தது, அதனால் அங்கே ஆடினார்கள். லைப்ரரியில் இருந்த ரஷ்ய மொழிபெயர்ப்பு நாவல்களை அவள் இரண்டு சுற்று முடித்திருந்தாள். அவற்றில் பனியில் சறுக்கு வண்டிகள் போகும். உள்ளே கம்பளி போர்த்திக்கொண்டு பிரபு உட்கார்ந்து தன் காதலை நினைத்து ஏங்குவார். தாட்சாயிணியின் மனம் பிரபுவிடம் நிற்காது. முன்னால் உட்கார்ந்து, மீசையில் பனி உறைய, எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் ஓநாய் என்று பார்த்துக் குதிரையைத் திருப்புகிறானே, அவனுக்கு என்ன ஆயிற்று என்றுதான் தேடுவாள். அத்தியாயம் முடிந்தால் அவன் காணாமல் போய்விடுவான். இந்த விளையாட்டில் பைலட் என்றொரு வேலை இருப்பதாகப் பரந்தாமன் சொன்னதும் அவள் கையைத் தூக்கியது அதனால்தான். தன் பைலட்டுக்கு அந்த நாவல்களில் வந்த நதேழ்தா என்ற பெயரை வைத்தாள்.

"இன்னாது, நடேசனா?" என்றான் வேம்புலி. அன்றிலிருந்து நடேசன்தான்.

பதினோராவது ஞாயிறும் வழக்கம்போலவே நடந்தது.

"மூணு நாள் பயணம். போய்ச் சேந்தாச்சு" என்றான் பரந்தாமன். "எதிராஜ், கதவு திறக்குது. எதிர்ல ஆறு பேர் நிக்கறாங்க. என்ன பண்றே?"

"ஒரு நிமிஷம்" என்றாள் தாட்சாயிணி. "எப்படிப் போய்ச் சேந்தோம்?"

"எப்படின்னா? கப்பல்லதான்."

"கப்பல யாரு ஓட்டினா?"

"நீதான்."

"நான் ஒண்ணுமே பண்ணலையே. என் தாள்ல பைலட் திறமை மூணுன்னு போட்டிருக்கு. மூணு மாசமா அது சும்மா கிடக்குது."

பரந்தாமன் புத்தகத்தை மூடினான். அவன் கெட்டவன் இல்லை. பொறுமையாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறவன். "இதோ பாரு தாட்சா. வேம்புலி பகடையில தோத்தா குண்டு குறி தவறும், திரும்பச் சுடலாம். உங்கண்ணன் தோத்தா பேச்சுவார்த்தை கெட்டுப்போகும், சண்டை போடலாம். நீ தோத்தா? கப்பல் மலையில மோதும். மூணு பேரும் செத்துடுவீங்க. கதையே முடிஞ்சிடும். அதனாலதான் உன்னை உருட்டச் சொல்றதில்ல. புத்தகத்துலயும் பைலட்டுக்குன்னு சட்டம் எதுவும் இல்ல."

"பதினாறு பக்கம் கிழிஞ்சிருக்கே, அதுல இருந்திருந்தா?" என்றாள் தாட்சாயிணி.

"இருக்கறதை வச்சுத்தானே ஆட முடியும்?" அவன் பென்சிலை எடுத்தான். "நானே யோசிச்சேன். அடுத்த வாரத்துலேர்ந்து கப்பலைக் கம்ப்யூட்டர் ஓட்டிக்கட்டும். நீ நர்ஸா இரு. அடிக்கடி யாருக்காவது அடிபடுது. நிறைய வேலை இருக்கும்."

"நர்ஸ் சூப்பர்மா" என்றான் வேம்புலி. "எனுக்குத்தான் வாரா வாரம் காயம் படுது."

"நான் நர்ஸாக மாட்டேன்."

எதிராஜுக்குச் சண்டை நேரம் வீணாகிற ஆத்திரம். எதிரே ஆறு பேர் துப்பாக்கியோடு நின்றுகொண்டே இருந்தார்கள். "இன்னாடி இப்ப? சாவி உங்கையில கீதுன்றதுக்காகச் சேத்துக்கினா, ரொம்பத்தான் பண்றே. குடுத்ததை வாங்கிக்கினு ஆடு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது எதிராஜுக்கே உறைத்தது. வேம்புலி, பக்கத்து டைப்ரைட்டரின் உறையை இழுத்துச் சரிசெய்தான், அது சரியாகத்தான் இருந்தது.

தாட்சாயிணி கைப்பையைத் திறந்து வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள். இன்ஸ்டிடியூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டில் ஒன்றை மேசையில் வைத்து அண்ணன் பக்கம் தள்ளினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வந்தாலும் வராட்டியும் நீங்க ஆடலாம். அடுத்த ஞாயித்துக்கெழம நான் வருவேன், பைலட்டா வருவேன். ஒரே ஒரு ஆட்டம். அதுக்கப்புறமும் பைலட் வேணாம்னு உங்க மூணு பேருக்கும் தோணினா, என் தாளைக் கிழிச்சுப் போட்டுருங்க, ஞாயித்துக்கெழம இந்தப் பக்கமே வரமாட்டேன். நர்ஸ் வேஷம் மட்டும் என்னால கட்ட முடியாது."

படி இறங்கும்போதுதான் யோசித்தாள். வீராப்பாகப் பேசியாகிவிட்டது. கையில் ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறு மதியங்களை விட்டால் அவளுக்கு வாரத்தில் வேறென்ன இருந்தது? ஏ-எஸ்-டி-எஃப், செமிகோலன்-எல்-கே-ஜே என்று டைப் பாடம்தான். அதற்காகவாவது ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

வழி புதன்கிழமை, பூந்தமல்லி பஸ்ஸில் கிடைத்தது.

திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு டைப் அடித்த கொட்டேஷன்களைக் கொடுத்துவரக் கிளம்பியிருந்தாள். பூந்தமல்லி போய் அங்கே வேறு பஸ் மாற வேண்டும். காலை நேரம், நிற்க இடமில்லை. முன்வாசலில் ஏறிய பெண்களெல்லாம் முன்னாலேயே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பின்வாசலில் ஏறிய ஆண்கள் பின்னால். நெருக்கியதில் தாட்சாயிணி டிரைவருக்குப் பக்கத்தில், சூடான இன்ஜின் மூடியில் முழங்கால் இடிக்க நின்றாள். பஸ் ஏறினால் எப்போதும் நிற்கிற இடம்தான். அன்றுதான் பார்த்தாள்.

பருத்திப்பட்டு தாண்டியதும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, இடதுபக்கச் சேற்றைப் பார்த்தார், வலதுபக்கம் எதிரே வந்த மண்லாரியைப் பார்த்தார். சேற்றில் இறக்கினால் சக்கரம் புதையலாம். லாரிக்கு வழிவிட்டு நின்றால் ஐந்து நிமிஷம் போகும். நின்றார். "அட, எடுப்பா, ஷிப்ட்டு போயிரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. அடுத்த ஸ்டாப்பில் பெருங்கூட்டம் காத்திருந்தது. அங்கே நிறுத்தினால் படியில் தொங்குகிறவர்கள் விழுவார்கள். அவர் ஸ்டாப்பைத் தாண்டி, ஐம்பது அடி தள்ளி நிறுத்தினார். கீரைக்கூடையோடு இறங்கிய ஒரு அம்மா அவருடைய பரம்பரையையே வைதுவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். ஓடி வரத் தெம்புள்ளவர்கள் மட்டும் ஏறினார்கள். வராதவர்கள் வெயிலில் நின்றார்கள். போன ஐந்து நிமிஷத்தைப் பிடிக்கக் கரையான்சாவடி வரைக்கும் விரட்டியதில், ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. டிரைவர் "த்சொ" என்றார், அவ்வளவுதான்.

பூந்தமல்லியில் இறங்கும்போது, பின்வாசலில் இறங்கிய ஒருவர் கூட இருந்தவரிடம், "இன்னிக்கு ஒரு தொல்லையும் இல்லப்பா, வந்து சேந்துட்டோம்" என்றார்.

தாட்சாயிணி நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

வந்து சேந்துட்டோம். கிட்டத்தட்டப் பரந்தாமனின் அதே வார்த்தை. அவன் பின்வாசல்காரன். எதிராஜும் வேம்புலியும் பின்வாசல்காரர்கள். டிரைவருக்கும் அவர்களுக்கும் நடுவே எப்போதும் நாற்பது பேர் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி ஓட்டுவது என்றால் ஒன்று போய்ச் சேர்வது, இல்லை கவிழ்வது. அதற்கு நடுவில் இருந்ததை அவள் இப்போதுதான் முக்கால் மணி நேரம் பார்த்தாள். வண்டி கவிழவில்லை. ஆனாலும் டிரைவர் நாலு முறை தோற்றார். ஒரு முறை நேரத்தைக் கொடுத்தார், ஒரு முறை இடத்தை, ஒரு முறை ஜனங்களை, ஒரு முறை கண்ணாடியை. எதைக் கொடுப்பது என்று கூடுமானவரை தானே முடிவு செய்தார். அதுதான் ஓட்டுவது!

திருமழிசைக்குப் போகும் பஸ் அவள் கண்முன்னாலேயே கிளம்பிப் போனது. போகட்டும் என்று கொட்டேஷன் கவரின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அந்தப் பட்டறைக்காரருக்கு அன்று கிறுக்கல் நிறைந்த கவர்தான் கிடைத்தது.

சனிக்கிழமை கடைசி வகுப்பு போனதும் தமிழ் மெஷினில் உட்கார்ந்தாள். மூன்று கார்பன் வைத்து, நாலு பிரதி வருமாறு, ஓங்கி ஓங்கி அடித்தாள். தலைப்பு: 'பக்கம் 41 முதல் 56 வரை.'

ஞாயிற்றுக்கிழமை பரந்தாமன் அதைக் கடைசி வரி வரை படித்தான். கடைசிக் கார்பன் பிரதி வேம்புலியிடம் போயிருந்தது. மங்கலாக இருந்ததால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான்.

"பைலட் தோத்தா... கப்பல் உடையாது. விலை கொடுக்கும்." வேம்புலி நிமிர்ந்தான். "இன்னா வெலை?"

"நேரம், எரிபொருள், இறங்கற இடம், கப்பலோட ஒரு பாகம். இதுல ஒண்ணு போகும். எது போகணும்னு பைலட் முடிவு பண்ணுவா."

"இது புத்தகத்துல இல்ல" என்றான் பரந்தாமன்.

"கிழிஞ்சிருக்குண்ணா. இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நாளைக்கே முழுப் புத்தகம் கிடைச்சு, அதுல வேற மாதிரி இருந்தா?"

"இருந்துட்டுப் போகட்டும். எழுதினவங்க நம்ம கப்பலை ஓட்டப் போறதில்ல."

வேம்புலிக்குச் சிரிப்பு வந்தது. "மாமே, உட்றா. ஒரு ஆட்டம்னு தானே பேச்சு. இன்னாதான் பண்ணுதுன்னு பாப்போம்."

பரந்தாமன் சம்மதித்தான். ஆனால் அவன் கண்ணில் ஒரு பிடிவாதம் தெரிந்தது. அன்றைய கதையை அவன் இரக்கமில்லாமல் வைத்தான். ஒரு நிலாவில் சுரங்கத் தொழிலாளர்கள் எண்பது பேர். காற்று தரும் இயந்திரம் நின்றுவிட்டது. மாற்றுப் பாகம் கூவத்தில்தான் இருக்கிறது. இன்னும் ஆறு மணி நேரத்துக்குத்தான் அவர்களுக்கு மூச்சு.

"ரெண்டு வழி இருக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கேன்" என்றாள் தாட்சாயிணி.

"சரி. நேர்வழி. ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேருவே. குறுக்கு வழி. உடைஞ்ச ஒரு கிரகத்தோட பாறைக்கூட்டம் வழியா. ஒண்ணரை மணி நேரம் மிச்சம். ஆனா கொள்ளைக்காரங்க ஒளியற இடம் அது."

"குறுக்கு."

"கேப்டனைக் கேக்க மாட்டியா?" என்றான் எதிராஜ்.

"கேப்டன் சார், குறுக்கு வழியில போலாமா?"

"...போலாம்."

பாறைகளுக்கு நடுவே கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவள் சட்டப்படி சண்டையில் முதல் பகடை பைலட்டுக்கு. எட்டுக்கு மேல் எத்தனை வருகிறதோ அத்தனையும் பீரங்கிக்காரன் கணக்கில் சேரும். மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பகடை அவள் உள்ளங்கைக்கு வந்தது. லேசாக இருந்தது. நாலும் மூன்றும் விழுந்தன. திறமை மூன்றைச் சேர்த்தால் பத்து.

"அவங்க வால் பக்கமா கொண்டுபோய் நிறுத்தறேன். ரெண்டு உங்களுக்கு வேம்புலிண்ணே. சுடுங்க."

வேம்புலி உருட்டினான். மூன்று, ஒன்று. முகம் தொங்கிவிட்டது. அவன் திறமை இரண்டு, மொத்தம் ஆறு. பிறகு விரலை மடித்து எண்ணினான். "ஆறு... அத்தோட இது குட்த்த ரெண்டு... எட்டு! டேய், எட்டுடா!" மேசையில் ஓங்கி அடித்ததில் ஒரு டைப்ரைட்டரின் மணி அடித்தது. "நடேசா! நீ இல்லைன்னா போச்சும்மா இந்த குண்டு!"

பரந்தாமன் சிரிக்கவில்லை. "நிலாவை நெருங்கியாச்சு. புழுதிப்புயல். துறைமுகத்துல விளக்கு தெரியல. இறங்கறதுக்கு உருட்டு."

தாட்சாயிணி உருட்டினாள்.

இரண்டு. ஒன்று.

திறமையைச் சேர்த்தால் ஆறு. தோல்வி.

"முடிஞ்சது" என்றான் பரந்தாமன். அந்தக் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. தேர்வு முடிவு சொல்கிற குரல். "நான் போன வாரமே சொன்னேன். இறங்கும்போது பைலட் தோத்தா..."

"விலை கொடுக்கும்" என்றாள் தாட்சாயிணி. "துறைமுகத்துக்குள்ளேயே இறக்கப் பாத்தா கோபுரத்துல இடிப்பேன், ஆளுங்க சாவாங்க. புயல் தணியற வரைக்கும் சுத்தினா நேரம் போகும், அவங்களுக்கு மூச்சு போகும். அதனால இடத்தைக் கொடுக்கறேன். தாண்டிப் போய் இறக்கறேன். எவ்வளவு தூரம்னு நீங்க சொல்லுங்க."

பரந்தாமன் யோசித்தான். அவன் யோசிப்பதை எல்லோரும் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல மட்டும் உட்கார்ந்திருந்தவனுக்குக் கதை மறுபடி கைக்கு வந்துவிட்டது. "நாப்பது கிலோமீட்டர்" என்றான் மெதுவாக. "நடுவுல ஒரு பெரிய பள்ளத்தாக்கு. மிச்சம் ஒரு மணி நேரம்."

"அடப்பாவி!" வேம்புலி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "ஸ்டாப்புல நிறுத்தாம தள்ளிக் கொண்டாந்து நிறுத்திட்டாடா! நாப்பது கிலோமீட்டர் யாரு நடக்கறது? கண்டக்டர், உள்ள ஆள் கீது, ஹோல்டான், நிறுத்து!"

எதிராஜ் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பரந்தாமனுக்கும் உதடு கோணியது. ஆனால் எண்பது பேர் மூச்சு முட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கப்பல்காரர்கள் மூவரும் மேசை மேல் குனிந்தார்கள். எதிராஜ் ஒரு தாளில் பள்ளத்தாக்கைக் கோடு போட்டான். கயிறு இருக்கிறதா என்றான். வேம்புலி, பீரங்கியைக் கழற்றி வண்டி செய்யலாம் என்றான். வெல்டிங் அவன் பார்த்துக்கொள்வானாம். பதினோரு வாரத்தில் எந்த நிலாவில் இறங்கும்போதும் அவர்கள் இப்படி முட்டி மோதிக்கொண்டதில்லை.

"நடந்தா எட்டு மணி நேரம்" என்றாள் தாட்சாயிணி. "வண்டி செஞ்சா ரெண்டு. இருக்கறது ஒண்ணுதான். கப்பலைத் திரும்பத் தூக்கறேன். பள்ளத்தாக்கு மேல தாழப் பறந்து துறைமுகத்துல இறக்கறேன்."

"எரிபொருள்?" என்றான் எதிராஜ்.

"தீந்துடும். திரும்பி வர இருக்காது. இந்த நிலாவுலயே மாட்டிக்குவோம்."

பரந்தாமன் பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னான்: "இல்லைன்னா ஒண்ணு பண்ணலாம். கம்ப்யூட்டர்கிட்ட விடலாம். பகடை வேணாம், ஆபத்து வேணாம். பத்திரமா இறக்கிடும். நானே சொல்றேன், இறங்கியாச்சுன்னு."

தூண்டில் என்று அவளுக்குத் தெரிந்தது. எண்பது பேர் பிழைப்பார்கள், கேப்டனும் பீரங்கிக்காரனும் பிழைப்பார்கள், நதேழ்தா மட்டும் அத்தியாயத்தோடு காணாமல் போவாள்.

"இப்ப இறங்கும்போது எதைக் கொடுக்கறதுன்னு நான் முடிவு பண்ணேன். கோபுரத்தை இடிக்கலை, நேரத்தைக் கொடுக்கலை, நம்ம காலை நோக வச்சேன். உங்க கம்ப்யூட்டர் யாரோடதை எடுத்துக் கொடுக்கும்? கேட்டுச் சொல்லுங்க பரந்தாமண்ணா."

பரந்தாமன் புத்தகத்தின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டான்.

"கம்ப்யூட்டர் வாணாம்டா" என்றான் எதிராஜ், தங்கையைப் பார்க்காமல். "தங்கச்சியே ஓட்டட்டும்."

"தங்கச்சி இல்ல."

அவன் திரும்பிப் பார்த்தான். "பைலட்டே ஓட்டட்டும்" என்றான்.

"நானும் பைலட்டு பக்கம்தாம்ப்பா" என்றான் வேம்புலி. "மாட்டிக்கினா மாட்டிக்கினு போறோம். ஊட்டுக்குப் போயி மட்டும் இன்னா கிழிக்கப் போறோம்?"

பரந்தாமன் தன் பிரதியை எடுத்து, மேலிருந்து கீழாக இன்னொரு முறை படித்தான். பிறகு அதை மடித்து, புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்கும் ஐம்பத்தேழாம் பக்கத்துக்கும் நடுவே வைத்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"புயல் இன்னும் அடங்கலை. இந்தத் தடவை எட்டு போதாது, ஒன்பது வேணும். தோத்தா?"

"தோத்தா எதைக் கொடுக்கறதுன்னு அப்பச் சொல்றேன்" என்றாள் தாட்சாயிணி. "இறங்கிக்கறவங்க இப்பவே இறங்கிக்கங்க."

யாரும் அசையவில்லை. சரி என்று பரந்தாமன் சொல்லட்டும் எனக் காத்திருக்காமல் அவள் பகடையை உருட்டினாள்.